பழைய விண்டோஸையும் லைசன்ஸையும் புது கம்ப்யூட்டருக்கு கொண்டுபோறது

தம்பி, உங்க கேள்வியை நான் புரிஞ்சிக்கிட்ட மாதிரி முதல்ல சொல்லிடறேன். கடலூர் மஞ்சக்குப்பத்துல டிடிபி ஜெராக்ஸ் கடை வச்சிருக்கீங்க, கடையில ரெண்டு மெஷின். ஒண்ணு 2013ல வாங்கின பிராண்டட் டெஸ்க்டாப், மேல விண்டோஸ் 7 ப்ரொஃபஷனல் ஸ்டிக்கர் ஒட்டினது, அப்புறம் ஃப்ரீ அப்கிரேடுல 10 ஆக்கிட்டீங்க. 2024 கடைசியில ஃபெஞ்சல் புயல் வந்தப்ப கடைக்குள்ள தண்ணி ஏறி அதோட மதர்போர்டு போயிடுச்சு, உள்ள இருந்த டிஸ்க்கை, அதான் எஸ்எஸ்டியை, மட்டும் கழட்டி பத்திரமா வச்சிருக்கீங்க. இன்னொண்ணு 4வது ஜெனரேஷன் ஐ3 போட்டு அசெம்பிள் பண்ணது, அதுக்கு தனியா பெட்டியில விக்கற விண்டோஸ் 10 ப்ரோ வாங்கி போட்டிருக்கீங்க, பில்லு, கார்டு எல்லாம் இருக்கு. இப்ப பாண்டியில வந்து 12வது ஜெனரேஷன் ஐ5ல புதுசா ஒண்ணு அசெம்பிள் பண்ணிட்டீங்க. அந்த பழைய எஸ்எஸ்டியை இதுல மாட்டினா அப்படியே ஓடுமா, லைசன்ஸ் கூடவே வருமா, வானவில் தமிழ் ஃபாண்டு, பக்கம் வடிவமைக்கற பேஜ்மேக்கர், கணக்கு பாக்கற டாலி எல்லாம் என்ன ஆகும். இவ்வளவு தானே?

முடிவை முன்னாடியே சொல்லிடறேன். எஸ்எஸ்டியை ஓட வைக்க முடியும், ஆனா உங்க விஷயத்துல வேணாம்னு தான் சொல்லுவேன். ஸ்டிக்கர் லைசன்ஸ் அந்த போர்டோட போயிடுச்சு, அது வராது. பெட்டியில வாங்கினீங்க பாருங்க, அது வரும், அதை புது மெஷினுக்கு மாத்துங்க, அசெம்பிள்டு மெஷினுக்கு லினக்ஸ் போட்டுடுங்க. ஏன் இப்படி சொல்றேன்னு விளக்கமா எழுதறேன், பொறுமையா படிங்க, ஏன்னா இந்த விஷயத்துல அவசரப்பட்டு பழைய மெஷினை காயலான் கடைக்கு போட்டுட்டு அப்புறம் வந்து கேக்கறவங்க ரொம்ப பேரு.

எல்லாரும் ஒண்ணா சேத்து குழப்பிக்கிறது இங்க தான். விண்டோஸ் மாத்தறதுன்னா ரெண்டு வேலை, ரெண்டும் வேற வேற. டிஸ்க்ல இருக்கற ஃபைலுங்க, புரோகிராம், செட்டிங்ஸ் எல்லாத்தையும் கொண்டுபோறது ஒண்ணு. அதை அங்க ஓட்டறதுக்கு உங்களுக்கு இருக்கற உரிமையை கொண்டுபோறது இன்னொண்ணு. வீடு மாறும்போது சாமான் செட்டை பூரா டாட்டா ஏஸ்ல ஏத்திடலாம், ஆனா கேஸ் கனெக்ஷன் பேப்பர்ல தான் மாறணும், அது மாதிரி. டிஸ்க்கை குளோன் பண்ணி, அதாவது அப்படியே நகல் எடுத்து, மாட்டி டெஸ்க்டாப் வந்துடுச்சுன்னா முதல் வேலை முடிஞ்சிருக்கு, அவ்வளவு தான்.

இப்ப லைசன்ஸ். பிராண்டட் மெஷினோட வர்றது ஓஇஎம் லைசன்ஸ், அதாவது மெஷின் தயாரிக்கற கம்பெனி மூலமா வர்றது. மைக்ரோசாஃப்டோட ஒப்பந்தத்துலயே தெளிவா இருக்கு, மெஷின்ல முன்னாடியே போட்டு வித்த விண்டோஸ் அந்த மெஷினோட மட்டும் தான் போகும், மெஷினை யாருக்காவது வித்தா அதோட சேந்து போகும், தனியா பிரிச்சு வேற மெஷினுக்கு கொண்டுபோக முடியாது. இந்த கணக்குல மெஷின்னா மதர்போர்டு தான். ரேம் மாத்தலாம், டிஸ்க் மாத்தலாம், பவர் சப்ளையான எஸ்எம்பிஎஸ் மாத்தலாம், கிராஃபிக்ஸ் கார்டு மாத்தலாம், போர்டு மாறினா தான் வேற மெஷின். பழுதான போர்டுக்கு பதிலா கம்பெனிக்காரங்களே மாத்திக் கொடுத்தா அது தொடரும், ஆனா நீங்க வாங்கியிருக்கறது மொத்தமா வேற கம்ப்யூட்டர், அதனால அந்த பேச்சுக்கே இடமில்ல. விண்டோஸ் 7 காலத்துல கீ, அதாவது லைசன்ஸுக்கான 25 எழுத்து நம்பர், ஸ்டிக்கர்ல இருந்துச்சு, விண்டோஸ் 8 வந்த 2012ல இருந்து பிராண்டட் போர்டுங்கள்ல கீயை பயாஸுக்குள்ளயே, அதாவது மெஷினை ஸ்டார்ட் பண்ற போர்டு புரோகிராமுக்குள்ளயே, எழுதி அனுப்பறாங்க, எம்எஸ்டிஎம்னு ஒரு டேபிள்ல இருக்கும், நீங்க திருப்பி இன்ஸ்டால் பண்ணும்போது விண்டோஸ் தானா எடுத்துக்கும். 2011ல ஆரம்பிச்ச தமிழ்நாடு அரசு லேப்டாப்ல வந்த விண்டோஸும் இந்த வகை தான், அதுல இருந்து கீயை எடுத்து டெஸ்க்டாப்ல போடலாமான்னு கேக்கறாங்க, கூடாது.

அப்ப ஃப்ரீயா கிடைச்ச 10? 2015 ஜூலை 29ல இருந்து ஒரு வருஷம் கொடுத்தாங்க இல்லையா, அதுல உங்களுக்கு புதுசா கீ எதுவும் தரல. உங்க மெஷினோட ஹார்டுவேர் அடையாளத்தை அவங்க சர்வர்ல பதிவு பண்ணி, இந்த மெஷினுக்கு 10 உண்டுன்னு ஒரு குறிப்பு வச்சிக்கிட்டாங்க, டிஜிட்டல் லைசன்ஸ்னு சொல்றது இதைத்தான். 7ல இருந்த ஓஇஎம் உரிமை தான் 10க்கும் தொடருது, தன்மை மாறல. அந்த ஸ்டிக்கர் நம்பரை இப்ப புது மெஷின்ல அடிச்சு பாக்கலாமேன்னு தோணும். ரொம்ப வருஷம் 7 கீயை 10ல அடிச்சா ஏத்துக்கிட்டு தான் இருந்துச்சு, 2023 செப்டம்பர்ல அந்த வழியையும் மூடிட்டாங்க. அதனால அந்த ஸ்டிக்கருக்கு இனிமே வேலை இல்ல.

பெட்டியில வாங்கினது ரீடெயில், அதாவது மெஷினோட வராம தனியா விக்கற லைசன்ஸ். ஒரு நேரத்துல ஒரு மெஷின் தான், ஆனா எந்த மெஷின்னு நீங்க முடிவு பண்ணலாம். பழைய மெஷின்ல இருந்து எடுத்துட்டு உங்களோட இன்னொரு மெஷின்ல போடலாம், நாளைக்கு அதுவும் போச்சுன்னா அடுத்ததுக்கு போடலாம். வாங்கும்போது விலை அதிகமா இருந்திருக்கும், அந்த அதிக விலை இந்த உரிமைக்கு தான், இப்ப தான் அது உதவப் போகுது. இன்னொரு நல்ல விஷயம், விண்டோஸ் 10 ப்ரோ ரீடெயில் கீ விண்டோஸ் 11 ப்ரோக்கும் செல்லும், தனியா 11 வாங்க வேண்டியதில்ல.

சரி, நம்ம கையில இருக்கறது எந்த வகைன்னு எப்படி உறுதி பண்றது? அசெம்பிள்டு மெஷின் ஓடிட்டு இருக்கும்போதே பாருங்க. விண்டோஸ் பட்டனோட ஆர் அமுக்கினா ரன் வரும், அதுல எஸ்எல்எம்ஜிஆர்னு அடிச்சு, ஒரு ஸ்பேஸ் விட்டு, ஸ்லாஷ் போட்டு, ஒட்டி டிஎல்ஐன்னு அடிங்க. ரெண்டு மூணு செகண்டுல ஒரு சின்ன பாக்ஸ் வரும். அதுல டிஸ்கிரிப்ஷன்னு ஒரு வரி, அங்க ஓஇஎம் டிஎம் சேனல்னு இருந்தா போர்டோட ஒட்டினது, ரீடெயில் சேனல்னு இருந்தா ரீடெயில், வால்யூம்னு இருந்தா கம்பெனி, காலேஜுக்கெல்லாம் கொடுக்கறது.

ஆனா இங்க ஒரு பெரிய குழி இருக்கு, நிறைய பேரு விழுவாங்க. ஃப்ரீ அப்கிரேடு பண்ண மெஷின்லயும் ரீடெயில் சேனல்னு தான் காட்டும். ஏன்னா அப்கிரேடு ஆகும்போது விண்டோஸ் எல்லாருக்கும் பொதுவான ஒரு கீயை தானா போட்டுக்குது, அந்த பொது கீ ரீடெயில் வகையில இருக்கு. அதனால ரீடெயில்னு பாத்ததும் சந்தோஷப்படாம அதுக்கு கீழ பார்ஷியல் ப்ராடக்ட் கீன்னு அஞ்சு எழுத்து இருக்கும் பாருங்க. ப்ரோல அது 3 வி 6 6 டி-ன்னு முடிஞ்சா அந்த பொது கீ தான், உங்க பெட்டி கார்டுல இருக்கற 25 எழுத்து கீயோட கடைசி அஞ்சு எழுத்து அங்க வந்தா அது நீங்க காசு கொடுத்து வாங்கின கீ. கார்டை பக்கத்துல வச்சு ஒத்துப் பாருங்க. ஒத்துப் போகலைன்னா பயப்பட வேணாம், யாராவது சர்வீஸ் பண்ணும்போது ஃபார்மேட் அடிச்சு கீ போடாம விட்டு, டிஜிட்டல் லைசன்ஸ்லயே ஆக்டிவேட் ஆகியிருக்கலாம், கார்டும் பில்லும் இருக்கற வரைக்கும் உரிமை உங்களோடது தான்.

அதே மாதிரி டிஎல்ஐக்கு பதிலா எக்ஸ்பிஆர்னு அடிச்சா ஆக்டிவேஷன் நிரந்தரமா, இல்ல தேதி போட்டு முடியுதான்னு சொல்லும். தேதி காட்டுச்சுன்னா அது கேஎம்எஸ் வகை, 180 நாளைக்குள்ள ஒரு தடவையாவது ஆபீஸ் சர்வரை தொட்டு புதுப்பிச்சிக்கிற முறை. கடைக்கு வாங்கின தனி கம்ப்யூட்டர்ல அது இருக்க எந்த நியாயமும் இல்ல, யாரோ ஆக்டிவேட்டர், அதாவது லைசன்ஸ் இல்லாமலே ஆக்டிவேட் ஆன மாதிரி ஏமாத்தற புரோகிராம், போட்டு விட்டிருக்காங்கன்னு அர்த்தம். அதை புது மெஷினுக்கு கொண்டுபோற பேச்சே கிடையாது, அந்த ஆக்டிவேட்டரை ஓட்டறதுக்கு ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணியிருப்பாங்க, அந்த டிஸ்க்குல இருந்து டேட்டாவை தவிர வேற எதையும் எடுக்காதீங்க.

கூடவே இதையும் சொல்லிடறேன். ஆன்லைன்ல சில நூறு ரூபாய்க்கு ஒரிஜினல் ப்ரோ கீ, லைஃப்டைம்னு விக்கறான், பில்லு கேட்டா இருக்காது. அந்த மாதிரி வர்றதுல பெரும்பாலும் ஏதோ கம்பெனியோட வால்யூம் கீ இல்லன்னா பழைய மெஷின் போர்டுல இருந்து உருவின ஓஇஎம் கீ. அடிச்சதும் பச்சை டிக் வரும், அதை பாத்து லைசன்ஸ் கிடைச்சிடுச்சுன்னு நம்பிடறோம். ஆக்டிவேட் ஆகறது வேற, உரிமை இருக்கறது வேற. கீயை மைக்ரோசாஃப்ட் பிளாக் பண்ண அன்னிக்கு திரும்ப பழைய நிலை தான், யார்கிட்ட போய் கேப்பீங்க? ஜிஎஸ்டி போட்டு பில் கொடுத்து தொழில் பண்றவங்க கடையில இது வேணாம்பா. காசு குறைவா வேணும்னா செகண்ட்ஸ்ல 8வது ஜெனரேஷனுக்கு மேல ஒரு பிராண்டட் டெஸ்க்டாப்பை, போர்டுலயே ப்ரோ கீ எழுதினதா பாத்து வாங்கலாம், அது முறையான வழி, லைசன்ஸ் போர்டோட வந்துடும். உங்களுக்கு இப்ப அதுவும் தேவையில்ல, பெட்டி இருக்கு.

ஏன் பெட்டி லைசன்ஸை ஓடிட்டு இருக்கற மெஷின்ல இருந்து பிடுங்க சொல்றேன்னா, அந்த 4வது ஜெனரேஷன் ஐ3க்கு விண்டோஸ்ல எதிர்காலம் இல்ல. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட் முடிஞ்சிடுச்சு. ஈஎஸ்யுன்னு எக்ஸ்ட்ரா செக்யூரிட்டி அப்டேட் வீட்டு உபயோகக்காரங்களுக்கு இன்னும் ஒரு வருஷம், 2026 அக்டோபர் 13 வரைக்கும் நீட்டினாங்க, அதுக்கு மேல எண்ணி பயனில்ல. 11க்கு டிபிஎம் 2.0ங்கற பாதுகாப்பு சிப் வேணும், ஸ்டார்ட் ஆகும்போதே ஓஎஸ்ஸை சரிபாக்கற செக்யூர் பூட் வேணும், இன்டெல்ல பெரும்பாலும் 8வது ஜெனரேஷன்ல இருந்து தான் லிஸ்ட்டுல இருக்கு. உங்க புது 12வது ஜெனரேஷன் இதெல்லாம் தாண்டிடும். அப்ப இருக்கற ஒரே நல்ல லைசன்ஸை எங்க வைக்கணும்? புது மெஷின்ல தான்.

இப்ப அந்த எஸ்எஸ்டிக்கு வருவோம். இது தண்ணிக்குள்ள இருந்த மெஷின்ல இருந்து வந்தது, நம்ம ஊரு தண்ணியும் காத்தும் உப்பு, கனெக்டர்ல பச்சையா வெள்ளையா பூத்திருக்கான்னு வெளிச்சத்துல நல்லா பாருங்க. இருந்தா ஐசோ புரொபைல் ஆல்கஹால் தொட்டு மெல்லமா தொடைச்சு, முழுசா காய விடுங்க. அதுக்கப்புறமும் நேரா புது மெஷின்ல மாட்டி பூட் பண்ணி பாக்கற ஆசை வேணாம். யுஎஸ்பி டு சாட்டா கேபிள் ஒண்ணு வாங்கி, அசெம்பிள்டு மெஷின்ல வெளி டிஸ்க் மாதிரி சொருகி, முதல்ல டேட்டாவை எடுத்துடுங்க. பூட் பண்ணா விண்டோஸ் அதுல எழுத ஆரம்பிக்கும், புது ஹார்டுவேருக்கு டிரைவர் போடும், அப்டேட் இறக்கும், செக் டிஸ்க் ஓட்டும். ஏற்கனவே அடி வாங்கின டிஸ்க்குல எழுதறது கடைசியா பண்ண வேண்டிய வேலை. கஸ்டமரோட பத்திரம், பத்திரிகை ஃபைலு எல்லாம் அதுல இருக்குன்னு சொல்றீங்க, ரெண்டு இடத்துல காப்பி எடுத்த பிறகு தான் மத்த யோசனை எல்லாம். யூசர்ஸ் ஃபோல்டருக்குள்ள போகும்போது பர்மிஷன் இல்லன்னு சொல்லும், கன்டினியூ கொடுத்தா கொஞ்சம் நேரம் எடுத்து திறந்துடும்.

அந்த டிஸ்க்கை அப்படியே ஓட வைக்கறது பத்தி. எக்ஸ்பி காலத்துல வேற போர்டுல டிஸ்க்கை மாட்டினா நீல ஸ்கிரீன் தான், 7லயும் பெரும்பாலும் அதே கதி. 10 அந்த விஷயத்துல ரொம்ப தேவலாம், முதல் பூட்ல கெட்டிங் டிவைசஸ் ரெடின்னு போட்டு, புது போர்டுக்கு தேவையான டிரைவரை தானே தேடிக்கும், ரெண்டு தடவை ரீஸ்டார்ட் ஆகி டெஸ்க்டாப் வந்துடும். ஆனா உங்க டிஸ்க் 7ல இருந்து வளந்தது, அதனால அது எம்பிஆர்ங்கற பழைய டிஸ்க் அமைப்புல, பழைய லெகசி பயாஸ்ல பூட் ஆகற மாதிரி இருக்கும். புது இன்டெல் போர்டுங்கள்ல, அதுவும் தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாம சிபியுல இருக்கற டிஸ்ப்ளேவையே பயன்படுத்தும்போது, அந்த லெகசி முறையே கிடைக்காது, பயாஸுக்கு பதிலா வந்த புது முறையான யுஇஎஃப்ஐ மட்டும் தான். டிஸ்க்கை காட்டும், பூட் லிஸ்ட்டுல வராது. இதை பாத்துட்டு டிஸ்க் போயிடுச்சுன்னு சொல்லி தூக்கி போட்டவங்க உண்டு. டிஸ்க்கை யுஇஎஃப்ஐக்கு ஏத்த மாதிரி மாத்த எம்பிஆர்டுஜிபிடின்னு விண்டோஸ்லயே ஒரு டூல் இருக்கு, இன்ஸ்டால் பென்டிரைவ்ல பூட் பண்ணி ஷிஃப்ட் எஃப்10 அமுக்கி கமாண்ட் ப்ராம்ப்ட்ல ஓட்டலாம், முதல்ல வேலிடேட் கொடுத்து சரியா வந்தா தான் கன்வெர்ட் கொடுக்கணும். டிஸ்க்குல மூணு பிரைமரி பார்டிஷனுக்கு மேல இருந்தாலோ, எக்ஸ்டெண்டட் பார்டிஷன் இருந்தாலோ அது மாட்டேன்னுடும். மெஷின் உயிரோட இருந்து, திருப்பி இன்ஸ்டால் பண்ண முடியாத ஏதாவது ஒரு சாஃப்ட்வேர் அதுல மாட்டியிருந்தா, நானே குளோன்ஸில்லாங்கற டிஸ்க் நகல் எடுக்கற சாஃப்ட்வேர்ல காப்பி எடுத்துட்டு இந்த வழியில போவேன். உங்களுக்கு அப்படி எதுவும் இல்ல. பத்து வருஷத்துக்கு மேல சேந்த குப்பை, பழைய போர்டோட டிரைவர், பிராண்டட் கம்பெனி போட்டு விட்ட டூலுங்க, எல்லாத்தையும் புது மெஷினுக்கு சுமந்துக்கிட்டு வர என்ன அவசியம்? புது மெஷின்ல இருக்கற என்விஎம்இல, அதாவது போர்டுலயே சொருகற வேகமான எஸ்எஸ்டில, சுத்தமா 11 போடுங்க.

போடறதுக்கு மைக்ரோசாஃப்ட் சைட்ல இருந்தே மீடியா கிரியேஷன் டூலை இறக்கி 8 ஜிபி பென்டிரைவ்ல பண்ணிக்கோங்க, வேற யாரோ சேத்து வச்ச ஐஎஸ்ஓ இன்ஸ்டால் ஃபைல் வேணாம். கீ கேக்கும்போது இல்லன்னு தாண்டிட்டு ப்ரோவை தேர்ந்தெடுங்க. ஹோம் போட்டுட்டா ப்ரோ கீயோட டிஜிட்டல் லைசன்ஸ் ஒட்டாது, எடிஷன் ஒத்துப் போகணும். இன்ஸ்டாலர்ல என்விஎம்இ டிஸ்க்கே தெரியலைன்னா கை நடுங்க வேணாம், பயாஸ்ல விஎம்டின்னு டிஸ்க்கை நிர்வாகம் பண்ற ஒரு செட்டிங் ஆன்ல இருக்கும், 11வது ஜெனரேஷன்ல இருந்து இன்டெல்ல இது உண்டு, அதை ஆஃப் பண்ணுங்க, இல்லன்னா அதுக்கான இன்டெல் ஆர்எஸ்டி டிரைவரை பென்டிரைவ்ல வச்சு லோட் பண்ணுங்க. இன்னொண்ணு, 11 செட்டப் நடுவுல இன்டர்நெட் இல்லாம நகராது, புது போர்டோட லேன் டிரைவர் சில நேரம் அதுல இருக்காது, அதனால போர்டு கம்பெனி சைட்ல இருந்து லேன் டிரைவரை முன்னாடியே எடுத்து வச்சிக்கோங்க. யுஎஸ்பி கேபிள்ல போனை சொருகி டெதரிங் போட்டாலும் நடக்கும்.

ஆக்டிவேஷனுக்கு முன்னாடி அசெம்பிள்டு மெஷின்ல ரெண்டு காரியம். ஒண்ணு, கடைக்குன்னு ஒரு மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் வச்சு அதுல அட்மினா லாகின் பண்ணுங்க. ஆக்டிவேஷன் பக்கத்துல டிஜிட்டல் லைசன்ஸ் உங்க அக்கவுண்டோட இணைஞ்சிருக்குன்னு வரணும். இந்த வசதி 2016ல வந்தது, இது இருந்தா பின்னாடி ஏதாவது சிக்கல்னா கைகொடுக்கும். மெஷின் பேரையும் கடை முன்பக்கம், கடை பின்பக்கம்னு அடையாளம் தெரியற மாதிரி மாத்துங்க, ஏன்னா பின்னாடி லிஸ்ட்டுல டெஸ்க்டாப்னு ஆரம்பிச்சு புரியாத எழுத்தா வந்தா எது எதுன்னே தெரியாது. ரெண்டாவது, அட்மினா கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து எஸ்எல்எம்ஜிஆர் ஸ்லாஷ் யுபிகே, அப்புறம் எஸ்எல்எம்ஜிஆர் ஸ்லாஷ் சிபிகேஒய். முதலாவது கீயை எடுக்கும், ரெண்டாவது ரெஜிஸ்ட்ரில இருக்கற கீயை அழிக்கும். இதை பத்தி தப்பான நம்பிக்கை ஒண்ணு பரவி இருக்கு, யுபிகே அடிச்சா மைக்ரோசாஃப்ட் சர்வர்ல இருந்து விடுதலை ஆயிடும்னு. அப்படி எதுவும் நடக்காது, சர்வருக்கு தகவலே போகாது, அந்த மெஷின்ல மட்டும் தான் கீ போகுது. ஒப்பந்தப்படி பழைய மெஷின்ல விண்டோஸ் ஓடக் கூடாது, அதை நீங்க டிஸ்க்கை அழிச்சு வேற ஓஎஸ் போட்டு நிறைவேத்தறீங்க.

அப்புறம் புது மெஷின்ல செட்டிங்ஸ், சிஸ்டம், ஆக்டிவேஷன், சேஞ்ச் ப்ராடக்ட் கீ, கார்டுல இருக்கற 25 எழுத்து. பெரும்பாலும் அங்கயே முடிஞ்சிடும். 0எக்ஸ்சி004சி008னு எரர் வந்தா கீ அனுமதிச்ச எண்ணிக்கையை விட அதிக மெஷின்ல பயன்பட்டிருக்குன்னு சர்வர் நினைக்குதுன்னு அர்த்தம். அப்ப ட்ரபிள்ஷூட் போய், சமீபத்துல ஹார்டுவேர் மாத்தினேன்னு ஒரு லைன் இருக்கும், அதை அமுக்கி, அக்கவுண்ட்ல லாகின் பண்ணி, லிஸ்ட்டுல அந்த பழைய மெஷின் பேரை காட்டுங்க. அதுவும் ஆகலைன்னா சப்போர்ட்ல பேசுங்க, ரீடெயில், பில் இருக்கு, பழைய மெஷின்ல எடுத்துட்டேன்னு உண்மையை சொன்னாலே போதும், கேக்க உங்களுக்கு முழு உரிமை இருக்கு.

ஃபாண்டு விஷயம் தான் உங்க மாதிரி கடைக்கு விண்டோஸை விட முக்கியம்னு நான் நினைக்கறேன். வானவில், பாமினி எல்லாம் யூனிகோடு, அதாவது எல்லா மெஷின்லயும் தமிழாவே தெரியற பொது எழுத்து முறை, கிடையாது, ஃபைல்ல இருக்கறது வெறும் இங்கிலீஷ் எழுத்து, ஃபாண்டு இருந்தா தான் தமிழா தெரியும். பேஜ்மேக்கர் 7 வந்ததே 2001ல, ஃபைல்ல ஃபாண்டை உள்ள வைக்காது, ஃபாண்டு இல்லாத மெஷின்ல திறந்தா வேற ஃபாண்டை மாத்தி போடவான்னு கேக்கும், அவசரத்துல ஓகே அமுக்கி சேவ் பண்ணிட்டா லே அவுட்டே போயிடும். அதனால ஃபைலை திறக்கறதுக்கு முன்னாடி ஃபாண்டு மொத்தமும் வந்து சேரணும். எல்லாரும் சி டிரைவ் விண்டோஸுக்குள்ள இருக்கற ஃபாண்ட்ஸ் ஃபோல்டரை மட்டும் காப்பி அடிப்பாங்க. 2018ல வந்த 1809 அப்டேட்ல இருந்து அட்மின் இல்லாம போடற ஃபாண்டுங்க அங்க போகறதில்ல, யூசர் ஃபோல்டருக்குள்ள ஆப்டேட்டா, லோக்கல், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், ஃபாண்ட்ஸ்னு ஒளிஞ்சிருக்கற இடத்துல போய் உக்காருது. ரெண்டு இடத்துல இருந்தும் எடுங்க. புது மெஷின்ல போடும்போது ரைட் கிளிக் பண்ணி எல்லா யூசருக்கும்னு இருக்கறதை கொடுங்க, பழைய சாஃப்ட்வேருங்களுக்கு அப்படி போட்டா தான் ஒழுங்கா கண்ணுக்கு தெரியும். டாங்கிள், அதாவது சொருகினா தான் சாஃப்ட்வேர் ஓடற சின்ன கருவி, வச்ச ஃபாண்டு சாஃப்ட்வேர் இருந்தா டாங்கிளையும் டிரைவர் சிடியையும் எடுத்து வைங்க, டாங்கிள் பேரலல் போர்ட் வகையா இருந்தா புது போர்டுல அந்த போர்ட்டே இருக்காது, இப்பவே கம்பெனிகிட்ட பேசிடுங்க. புதுசா அடிக்கற மனு, கடிதம் எல்லாத்தையும் இனிமே யூனிகோடுல அடிக்க பழகுங்க, விண்டோஸ்லயே தமிழ்99 கீபோர்டு இருக்கு, அடுத்த தடவை மெஷின் மாத்தும்போது இந்த ஃபாண்டு தலைவலி பாதி குறையும்.

டாலிக்கு அதோட சொந்த லைசன்ஸ், விண்டோஸோட சம்பந்தம் இல்ல. ஓடற மெஷின்ல இருந்தா முதல்ல சரண்டர் லைசன்ஸ் கொடுங்க, அப்புறம் புது மெஷின்ல சீரியல் நம்பரும் பதிவு பண்ண மெயில் ஐடியும் போட்டு ஆக்டிவேட் பண்ணுங்க. தண்ணில போன மெஷின்ல இருந்திருந்தா சரண்டர் பண்ண வழியில்ல, சீரியல் நம்பரோட உங்களுக்கு வித்த பார்ட்னரை கூப்பிடுங்க. டேட்டா ஃபோல்டரை எஸ்எஸ்டில இருந்து எடுத்தாச்சான்னு ரெண்டு தடவை பாருங்க. மாச சந்தா கட்டற சாஃப்ட்வேருங்கள்ல பழைய மெஷின்ல சைன் அவுட் பண்ணிட்டு வந்தா போதும்.

மிச்சம் அந்த 4வது ஜெனரேஷன் ஐ3. அதை ஒதுக்க வேணாம், ஜெராக்ஸ், ஸ்கேன், பிரவுசர், ஆன்லைன் அப்ளிகேஷன் வேலைக்கு லினக்ஸ் மின்ட்டோ உபுண்டுவோ போட்டா அருமையா ஓடும், அப்டேட்டும் வந்துக்கிட்டே இருக்கும். லினக்ஸ்ல லைசன்ஸ் மாத்தற பிரச்சினையே கிடையாது, கீ இல்ல, ஆக்டிவேஷன் இல்ல, டிரைவர் பெரும்பாலும் லினக்ஸோட மையமான கெர்னலுக்குள்ளயே இருக்கறதால அந்த டிஸ்க்கை நாளைக்கு வேற மெஷின்ல மாட்டினாலும் எழுந்து நிக்கும். பேஜ்மேக்கர் மட்டும் அதுல எதிர்பாக்காதீங்க, அது புது மெஷின் வேலை. பிரிண்டர் மாடலுக்கு லினக்ஸ் டிரைவர் இருக்கான்னு முன்னாடியே பென்டிரைவ்ல லைவா, இன்ஸ்டால் பண்ணாமலே, ஓட்டி பாத்துக்கலாம். உதவி வேணும்னா நம்ம பக்கத்துலயே ஆளுங்க இருக்காங்க, பாண்டியில எஃப்எஸ்எச்எம், விழுப்புரத்துல விஜிஎல்யுஜி, ரெண்டுமே இதை ஜனங்களுக்கு சொல்லிக் கொடுக்கறதுக்காகவே இருக்கற அமைப்பு, தயங்காம கேளுங்க.

வீட்ல லேப்டாப்பும் மாத்தப் போறதா கடைசியில ஒரு வரி எழுதியிருந்தீங்க. அதுல டிஸ்க்கை கழட்டறதுக்கு முன்னாடி டிஸ்க்கை பூட்டி வைக்கற டிவைஸ் என்க்ரிப்ஷன் ஆன்ல இருக்கான்னு பாருங்க, இப்ப வர்ற லேப்டாப்ல நீங்க கேக்காமலே ஆன் ஆகியிருக்கும். அப்படி இருந்தா வேற மெஷின்ல மாட்டினதும் 48 இலக்க ரெக்கவரி கீ கேக்கும், அது இல்லன்னா உள்ள இருக்கற ஒரு போட்டோ கூட வெளிய வராது, யாராலயும் எடுக்க முடியாது. மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல ரெக்கவரி கீ பக்கத்துல இருக்கும், லேப்டாப் ஓடும்போதே பாத்து பேப்பர்ல எழுதி வைங்க.

இன்னிக்கு அசெம்பிள்டு மெஷின்ல அந்த டிஎல்ஐ மட்டும் ஓட்டி, டிஸ்கிரிப்ஷன் வரியையும் கடைசி அஞ்சு எழுத்தையும் எனக்கு சொல்லுங்க, மீதியை அதை பாத்து சொல்றேன். கார்டுல இருக்கற முழு கீயை எனக்கும் சரி, வேற யாருக்கும் சரி, போட்டோ எடுத்து அனுப்பிடாதீங்க.